வீட்டுப் பலகையில் ஓர் ஐரிஷ் பெயரடை: 'க்லஸ்' என்ற சொல்லைப் பிழையில்லாமல் எழுத வழி

கால்வேயில் எங்களுக்குத் தெரிந்த ஓர் ஐரிஷ் தம்பதி பழைய வீடு ஒன்றை வாங்கினார்கள். வாசலில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சாம்பல் நிறக் கல் நிற்கும். அந்தக் கல்லின் பெயரையே வீட்டுக்கும் வைக்கப் போவதாகச் சொன்னார்கள். சரி, புதுமனைப் பரிசாக ஸ்லேட் பலகையில் அதைப் பொறித்துக் கொடுத்துவிடலாம் என்று நான் கிளம்பினேன். மூன்றே மூன்று சொல். காதில் விழுந்தபடி 'அன் க்லொஃக் க்லஸ்' என்று எழுதிக் கொடுத்தேன். 90 யூரோ, மூன்று வாரம்.

பலகை வந்ததும் பக்கத்து வீட்டுப் பெரியவர் வாய்விட்டுப் படித்தார். பிறகு, "எச் எழுத்துக்குத் தனிக் காசு கேட்டானா?" என்றார். இரண்டு இடத்தில் எச் விட்டுப்போயிருந்தது. ஸ்லேட்டில் அழிக்க முடியாது. இன்னொரு 90 யூரோ.

வீட்டுப் பெயர், மோதிரம், பச்சை குத்துவது, திருமண அழைப்பு என எதற்காக இருந்தாலும் ஓர் ஐரிஷ் பெயரடையை எழுதப் போகிறீர்கள் என்றால், காசு கொடுக்கும் முன் கீழே உள்ளதைச் செய்யுங்கள். நான் க்லஸ் என்ற ஒரே சொல்லை வைத்துச் சொல்கிறேன். எழுத்துக்கூட்டினால் ஜி, எல், ஏ, எஸ். மெய்யில் முடியும் ஐரிஷ் பெயரடைகளில் பெரும்பாலானவை இதே தடத்தில்தான் போகும்.

ஒரு குறிப்பு: தொண்டையில் உரசி வரும் ஒலியை ஆய்தம் போட்டு 'ஃக' என்று எழுதியிருக்கிறேன். எழுத்தில் அந்த இடத்தில் சி அல்லது ஜி-க்குப் பின்னால் ஓர் எச் இருக்கும்.

1. என்ன நிறம் என்று முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

க்லஸ் என்றால் பச்சை என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். பாதிதான் உண்மை. புல், இலை, மலைச்சரிவு என்று இயற்கையில் உள்ள பச்சை எல்லாம் க்லஸ். ஆனால் ஆடு, குதிரை, கம்பளித் துணி, கல் என்று வந்தால் அதே சொல் சாம்பல் நிறம். நம் ஊரில் மாட்டுக்கு மட்டும் செவலை, மயிலை, காரி என்று தனி நிறக் கணக்கு இருக்கிறதல்லவா, மயிலை என்று சொன்னால் யாரும் மயிலின் நீலத்தைத் தேடுவதில்லை. அதுபோல நிறத்தை மட்டும் பார்க்காமல் எதன் நிறம் என்றும் பார்க்க வேண்டும்.

சாயம் பூசிய பச்சைக்கு ஊஅன்யெ என்று இன்னொரு சொல் உண்டு. 1937 அரசியலமைப்பின் 7ஆவது பிரிவு தேசியக் கொடியின் பச்சையை அந்தச் சொல்லால்தான் குறிக்கிறது. இன்றைய பேச்சில் பலரும் இரண்டுக்கும் க்லஸ் என்றே சொல்லிவிடுகிறார்கள். பசுமைக் கட்சியின் ஐரிஷ் பெயரிலும் க்லஸ்தான். ஆனாலும் பச்சைப் பெயின்ட் அடித்த கதவுக்குப் பெயர் வைக்கிறீர்கள் என்றால் ஊஅன்யெ பாதுகாப்பானது. கதவுக்கு க்லஸ் வைப்பதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: பூட்டுக்கும் க்லஸ் என்றுதான் பெயர், அதே எழுத்துகள், வேறு சொல். படிப்பவர் பூட்டிய கதவா பச்சைக் கதவா என்று ஒரு நொடி யோசிப்பார்.

தலைமுடியின் நரைக்கு லீஅ என்பார்கள். வானத்து நீலம் கொரம். அனுபவம் இல்லாத இளைஞனையும் க்லஸ் என்பது உண்டு; நாம் பச்சைமண் என்பது போல.

2. கையில் என்னென்ன இருக்க வேண்டும்

செலவு பூஜ்யம். நான்கு இணையதளங்கள், நான்கும் இலவசம், பதிவு செய்யத் தேவையில்லை.

ட்யங்லன்: 1977இல் வெளியான ஓ டோனலின் ஐரிஷ்-ஆங்கில அகராதி முழுக்க இங்கே இருக்கிறது. 'இலக்கணம்' என்ற தாவலைத் தட்டினால் சொல்லின் எல்லா வடிவங்களும் அட்டவணையாக வரும். உச்சரிப்பை மூன்று வட்டார வழக்கில் கேட்கலாம்.

ஃபொக்லோர்: ஆங்கிலத்திலிருந்து ஐரிஷுக்குப் போக.

லோகனம்: ஊர்ப்பெயர்களுக்கான தரவுத்தளம்.

ஈடில்: பழைய, இடைக்கால ஐரிஷுக்கு. ராயல் ஐரிஷ் அகாடமி 1913 முதல் 1976 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பேரகராதியின் இணைய வடிவம் இது.

தானியங்கி மொழிபெயர்ப்பு இந்தப் பட்டியலில் இல்லை. வாக்கியத்தின் பொருள் புரிந்துகொள்ள அது போதும். கல்லில் செதுக்க அதை நம்ப வேண்டாம்.

3. பெயரடையை விடுங்கள், பெயர்ச்சொல்லின் பாலைப் பாருங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். க்லஸ் என்ற சொல்லை மட்டும் அகராதியில் பார்த்து, சரியாக இருக்கிறது என்று மூடிவிட்டேன். ஐரிஷில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால் அல்லது பெண்பால் உண்டு, கல்லுக்கும் மலைக்கும்கூட. பெயரடை அதற்குத் தக்க முகத்தை மாற்றிக்கொள்ளும்.

கல்லுக்கான சொல் க்லொஃக் (சி, எல், ஓ, சி, எச்). இது பெண்பால். குன்றுக்கான சொல் க்னொக். இது ஆண்பால். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் முக்கால்வாசி விஷயம் விளங்கிவிடும். ட்யங்லனில் பெயர்ச்சொல்லைத் தட்டினால் பால் எழுதியிருக்கும். அதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள் அல்லது திரையைப் படம் பிடித்து வையுங்கள், பிறகு தேவைப்படும். ஊகிக்க வேண்டாம். 'மெல்லிய' மெய்யில் (எழுத்தில் பக்கத்து உயிர் இ அல்லது ஐ) முடிவது பெண்பால், 'தடித்த' மெய்யில் (பக்கத்து உயிர் ஏ, ஓ அல்லது யு) முடிவது ஆண்பால் என்று ஒரு பொதுவிதி சொல்வார்கள். க்லொஃக் தடித்த மெய்யில் முடிந்தும் பெண்பால்.

4. பெயரடையின் சரியான வடிவத்தை எடுங்கள்

ஐரிஷில் பெயரடை பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும். நாம் சாம்பல் கல் என்போம், அவர்கள் கல் சாம்பல் என்பார்கள். அதன் முதல் எழுத்தும் சிலசமயம் கடைசி எழுத்தும் மாறும். முதல் எழுத்து மெலிவதற்கு ஷேவூ என்று பெயர். எழுத்தில் அது ஓர் எச். ஒலியில் ஜி உரசலாக மாறும். தமிழருக்கு இது புதிதல்ல. 'மகன்' என்பதில் வரும் க-வைச் சொல்லிப் பாருங்கள், 'கடல்' என்பதில் வரும் க போல அது அடைத்து வராது, உரசிக்கொண்டு வரும். அந்த உரசலைச் சொல்லின் முதலிலேயே கொண்டு வந்தால் போதும். நான் 'க்லஸ்' என்றே கேட்டதற்கும் இதுதான் காரணம்: தமிழ்க் காது இரண்டையும் ஒரே க என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

*எழுவாய், ஒருமை.* பெண்பால் என்றால் மெலியும்: அன் ஃக்லொஃக் ஃக்லஸ். 'அந்த' என்ற பொருள் தரும் அன் பெண்பால் பெயர்ச்சொல்லையும் மெலிய வைக்கும் என்பதால் எச் இரண்டு இடத்தில். ஆண்பால் என்றால் மெலியாது: அன் க்னொக் க்லஸ்.

*'உடைய' என்ற பொருளில்.* இங்கே எல்லாம் தலைகீழ். ஆண்பால் மெலியும், சொல்லின் கடைசி எஸ்ஸும் 'ஷ்' ஆகும்: பார் அன் ஃக்னிக் ஃக்லஷ், பசுங்குன்றின் உச்சி. பெண்பால் மெலியாது, பின்னால் ஓர் இ ஒட்டிக்கொள்ளும்: போஹர் ந க்லிஹெ க்லஷெ, சாம்பல் கல் சாலை. வீட்டுப் பெயர் ஒன்று, அந்தப் பெயரைத் தாங்கிய தெருப்பெயர் இன்னொன்று என்று இரண்டு பலகை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம். வீட்டுப் பலகையில் உள்ளதை அப்படியே வெட்டி ஒட்டினால் தெருப்பலகை தப்பு.

*பன்மை.* பின்னால் ஏ சேரும்: க்லஸ என்று ஒலிக்கும். கற்கள் என்றால் ந க்லொஃக க்லஸ, மெலியாது. குன்றுகள் என்றால் ந க்னிக் ஃக்லஸ, மெலியும். பால் இங்கே காரணமில்லை. பன்மைப் பெயர்ச்சொல் மெல்லிய மெய்யில் முடிந்தால் பெயரடை மெலியும், உயிரில் முடிந்தால் மெலியாது. செம்மறிகள் என்பதற்கு கீரி என்று ஒலிக்கும் சொல்; காதுக்கு உயிரில் முடிந்தாலும் எழுத்தில் மெல்லிய மெய்யில்தான் முடிகிறது. சாம்பல் செம்மறிகள் கீரி ஃக்லஸ. ஆட்டைக் கீரி என்கிறார்களே என்று என் மகள் ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள்.

*எண்ணோடு.* இரண்டு கல் என்றால் பெயர்ச்சொல் ஒருமையில் நிற்கும், பெயரடை பன்மைக்குப் போகும், மெலியவும் செய்யும்: கா ஃக்லொஃக் ஃக்லஸ. இதற்கு நியாயம் தேடாமல் மனப்பாடம் செய்துவிடுவது நல்லது.

*ஒப்பீடு.* இன்னும் பசுமையான என்பதற்கு நீஸ் க்லஷெ. மிகவும் என்பதற்கு முன்னால் 'அன்' சேர்த்து ஒரு சிறுகோடு போட வேண்டும், அங்கே மெலியும்: அன்-ஃக்லஸ். அளவுக்கு மீறி என்பதற்கு 'ரோ', கோடு இல்லாமல் ஒட்டி, மெலிந்து.

இவ்வளவு படித்த பிறகு எல்லா இடத்திலும் எச் போடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அடுத்த பொறி அதுதான். பெயரடை பெயரோடு ஒட்டி நிற்காமல் பயனிலையாக வந்தால் எதுவும் மாறாது. அந்தக் கல் சாம்பலாக இருக்கிறது என்பது 'டா அன் ஃக்லொஃக் க்லஸ்'. கல் மெலிந்தது, நிறம் மெலியவில்லை. நினைவில் வைக்க அவர்களுடைய பழமொழியே இருக்கிறது: 'இஸ் க்லஸ் ஈஅட் ந க்னிக் இ வட் ஊஅன்'. தூரத்துக் குன்றுகள் பச்சை என்று பொருள், நம் இக்கரைக்கு அக்கரை பச்சை. குன்றுகள் பன்மை, ஆனால் க்லஸ் வெறும் க்லஸ்ஸாகவே நிற்கிறது பாருங்கள்.

வட்டார வழக்கும் ஒரு சிறு சிக்கல். 'குன்றின் மேல்' போன்ற தொடர்களில் வடக்கே அல்ஸ்டரில் மெலிப்பதைத் தெற்கே மெலிப்பதில்லை. பலகைக்கு அரசு வகுத்த பொதுநடையைப் பின்பற்றுங்கள். 1958இல் வந்தது, 2012இலும் 2017இலும் திருத்தினார்கள். ட்யங்லன் அட்டவணைகளை நம்பலாம்.

5. சொல்லின் மூலம் தேவைப்பட்டால்

பலகைக்கு இது வேண்டாம். அவசரக்காரர்கள் 6ஆம் படிக்குப் போகலாம். ஆனால் பரிசோடு ஒரு சிறு அட்டையில் சொல்லின் கதையை எழுதிக் கொடுக்க ஆசைப்பட்டேன். அதற்கு ஒரு மாலை போனது, பெரும்பாலும் தப்பான வழிகளில்.

ஈடிலில் க்லஸ் என்று தேடினால் பூட்டு, நிறம், ஓடை என்று ஒரே எழுத்தில் பல தலைச்சொற்கள் வரும். நிறத்தை மட்டும் எடுங்கள். ஊர்ப்பெயர்களில் சிக்கல் இன்னும் அதிகம். டப்ளினின் ஃபிங்லஸ் பகுதியில் உள்ளது பச்சை அல்ல, 'தெளிந்த ஓடை'. பெயரில் க்லஸ் இருக்கிறது என்பதற்காக நிறமாக்கிவிடாமல் லோகனத்தில் ஒரு முறை பாருங்கள்.

அப்புறம் உறவுகள். உறவுமொழிகளான வெல்ஷிலும் பிரெட்டனிலும் (பிரான்ஸின் வடமேற்கில் பேசுவது) க்லஸ் என்றே சொல் உண்டு; வெல்ஷில் அது முதன்மையாக நீலம். ஸ்காட்லாந்து கேலிக்கில் பெரும்பாலும் சாம்பல். முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, கால் நாட்டில் (இன்றைய பிரான்ஸ் பகுதி) 'க்லஸ்தும்' என்ற செடி உண்டு, பிரிட்டன் பெண்கள் அதை உடம்பில் பூசிக்கொள்வார்கள் என்று எழுதிவைத்தார். நீலச் சாயம் தரும் செடி. இவற்றையெல்லாம் சேர்த்து ஆய்வாளர்கள் பழைய கெல்டிக் வடிவத்தை 'க்லஸ்தொஸ்' என்று மீட்டெடுக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருக்கும். எந்த ஏட்டிலும் அப்படி எழுதிக் கிடைக்கவில்லை, ஊகித்த வடிவம் என்று அதற்குப் பொருள். அட்டையில் எழுதும்போது நட்சத்திரத்தை விட்டுவிடாதீர்கள்.

அதற்கும் பின்னால் மஞ்சள், பச்சை, பொன் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் இந்தோ-ஐரோப்பிய வேர். ஒரே வேரில் பச்சையும் பொன்னுமா என்று வியக்கத் தேவையில்லை. பசும்புல்லையும் பசும்பொன்னையும் ஒரே அடைமொழியால் சொல்கிறவர்கள் நாம்.

இந்தப் படியில் நம்மவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. ஐரிஷில் பெண்ணுக்கு ப்யன் என்று பெயர். உடனே 'பெண்' என்று கை தட்டத் தோன்றும். பொறுங்கள். அந்தப் ப, பழைய 'க்வ' என்ற ஒலியிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் அதே சொல் கியூனே என்று தொடங்குகிறது. ஒலி ஒத்துப்போனதும் உறவு கொண்டாடக் கூடாது, இரண்டு பக்கமும் கிடைக்கிற மிகப் பழைய வடிவத்தை வைத்துப் பார்க்க வேண்டும். க்லஸ்ஸுக்கும் அதேதான். ஆங்கிலக் கண்ணாடிச் சொல்லிலிருந்து கடன் வாங்கியதல்ல. ஐரிஷில் கண்ணாடிக்கு க்லினெ என்று வேறு சொல் இருக்கிறது.

மூலத்தைத் தேடியதில் எனக்குக் கிடைத்த உருப்படியான லாபம் அந்த எச்சுக்கான காரணம். பழங்காலத்தில் க்லொஃக் போன்ற பெண்பால் சொற்கள் 'ஆ' என்று முடிந்தன. அதற்கடுத்து வந்த க, இரண்டு உயிருக்கு நடுவே மாட்டிக்கொண்டு, மகனில் மெலிவது போல மெலிந்தது. க்னொக் போன்ற ஆண்பால் சொற்கள் 'ஒஸ்' என்று முடிந்தன. எஸ் குறுக்கே நின்றதால் க மெலியவில்லை. பிறகு அந்தக் கடைசி அசைகள் உதிர்ந்துபோயின, மெலிவு மட்டும் தங்கிவிட்டது. 'உடைய' வடிவில் ஏன் தலைகீழ் என்பதும் இதில்தான்: அங்கே ஆண்பால் 'ஈ' என்று உயிரில் முடிந்தது, பெண்பால் 'ஆஸ்' என்று முடிந்தது. இதை அறிந்த பிறகு 4ஆம் படியின் பாதி அட்டவணையை நான் மனப்பாடம் செய்யவே இல்லை.

6. பொறிக்கக் கொடுக்கும் முன்

தொலைபேசியில் சொல்லாதீர்கள். தட்டச்சு செய்து அனுப்புங்கள், கூடவே ட்யங்லன் அட்டவணைகளைத் திரையில் பிடித்த படம் இரண்டையும், பெயர்ச்சொல்லுக்கு ஒன்று பெயரடைக்கு ஒன்று, இணையுங்கள். பொறிப்பவர் எச் தவறி விழுந்தது என்று நினைத்துத் தானே 'திருத்தாமல்' இருக்க அது உதவும்.

உயிரெழுத்தின் தலையில் சாய்கோடு போட்ட ஃபாடா உங்கள் சொல்லில் இருந்தால் அதைத் தனியாகச் சுட்டிக்காட்டுங்கள். எங்கள் மூன்று சொல்லில் நல்லவேளையாக இல்லை.

'கல்லின் மேல்' என்று எழுத நேர்ந்தால் சி-க்கு முன்னால் ஒரு ஜி வந்து நிற்கும், அதற்கு உரூ என்று பெயர். பலகை முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தாலும் அந்த ஜி மட்டும் சிறிய எழுத்தாகவே இருக்க வேண்டும். பல பட்டறை மென்பொருள்கள் அதையும் பெரிதாக்கிவிடும்.

பழைய கேலிக் எழுத்துருவில் அழகாக இருக்கும் என்று கேட்பீர்கள். கேளுங்கள், ஆனால் அதில் எச் கிடையாது. மெலிந்த மெய்யின் தலைமேல் ஒரு புள்ளி. மெய்க்குப் புள்ளி வைத்தே பழகிய நமக்கு அது ஏதோ சொந்த வீடு போல இருக்கும். பார்க்க வேண்டியது: புள்ளியையும் வைத்து எச்சையும் விட்டுவைத்தால் இரண்டு முறை மெலித்ததாகிவிடும். புள்ளி இல்லாத போலி எழுத்துருக்களும் இருக்கின்றன, அவற்றில் செய்யவே வேண்டாம்.

7. நாளும் காசும்

பால் பார்த்து வடிவம் எடுக்க, முதல் தடவை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பழகிவிட்டால் பத்து நிமிடம். பிறகு ஐரிஷ் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பள்ளி ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ, யாராக இருந்தாலும் ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். நேரில் போனால் தேநீர் செலவுகூட அவர்களுடையதாகவே இருக்கும். மாதிரிப் படம் வந்த பிறகு அவரிடமே இன்னொரு முறை காட்டுவது என் இரண்டாவது பலகையைக் காப்பாற்றியது. மாதிரியில் இரண்டாவது எச் மறுபடியும் காணாமல் போயிருந்தது.

பொறிப்புக்கு மூன்று வாரம், கிறிஸ்துமஸுக்கு முன் என்றால் இன்னும் கூட. ஆக மொத்தம் ஐந்து வாரம் முன்னதாகத் தொடங்குங்கள். பலகை தாமதமானால் கடிதம் வராதே என்று கவலைப்பட வேண்டாம். 2015 முதல் ஒவ்வொரு முகவரிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து ஏழு இடத்தில் ஏர்கோட் என்ற அஞ்சல் குறியீடு உண்டு, அது இருந்தால் தபால்காரர் வீட்டுப் பெயரை எதிர்பார்த்து நிற்பதில்லை.

முதல் பலகை எங்கள் சமையலறையில் இருக்கிறது. சூடான இட்லிப் பானையை இறக்கி வைக்கக் கச்சிதமான அளவு.